பழைய டீசல் ஜீப்: எஞ்சின் மாற்றுவதா, விற்றுத் தொலைப்பதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரத்தில் இருக்கும் தம்பி ஒருவர் 2007ஆம் ஆண்டு மிட்சுபிஷி மொண்டெரோ ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். 3.2 லீற்றர் டீசல், ஓட்டோ கியர். பல கை மாறி வந்த வாகனம். வாங்கிய பிறகு ரேடியேற்றர் கழுவியாயிற்று, டர்போ மாற்றியாயிற்று, நான்கு இன்ஜெக்டரும் மாற்றியாயிற்று. அப்படியும் ஏ9 வீதியில் வவுனியாப் பக்கம் போகும்போது சூடேறுகிறது, மிதித்தால் இழுவை இல்லை. கடைசியாக ஓமந்தைக்குக் கிட்ட நின்றே விட்டது. அரை மணித்தியாலம் கழித்து, ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. "அண்ணை, இனி எஞ்சினை மாத்தத்தான் வேணும்" என்று கராச்சில் சொல்கிறார்கள். "அதை வித்துத் துலையுங்கோ" என்று வீட்டில் சொல்கிறார்கள். எதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம். உங்கள் வாகனத்துக்கு என்ன வருத்தம் என்று இதுவரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய பட்டியலில் மாற்றிய சாமான்கள் இருக்கின்றன, செலவு இருக்கிறது, ஆனால் ஒரு பரிசோதனையின் முடிவுகூட இல்லை. டர்போவை ஏன் மாற்றினார்கள்? அதன் அச்சில் ஆட்டம் இருந்ததா, எண்ணெய் கசிந்ததா? இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் போட்டுப் பார்த்தார்களா? இழுவை இல்லை என்றதும் டர்போ, புகை வந்ததும் இன்ஜெக்டர், சூடேறியதும் ரேடியேற்றர் என்று ஊகத்தில் மாற்றியதாகத்தான் தெரிகிறது. ஊகம் எல்லா ஊரிலும் நட்டம்தான், வன்னியில் இரட்டை நட்டம். கொழும்பில் ஒரு சாமான் பிழைத்தால் பின்னேரம் பஞ்சிகாவத்தைக்குப் போய் மாற்றி வரலாம். நமக்கு அது இரவு பஸ்ஸில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். பூட்டிக் கழற்றிய மின்சாமானைத் திருப்பி எடுக்கும் கடைக்காரரை நான் கண்டதில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்த பிறகு, கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வாகனப் பட்டறையில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது சொந்தமாகச் சிறிய கராச் நடத்துகிறேன். அந்த நிறுவன வாகனங்களும் இதே கிரவல் வீதியில், இதே வெயிலில், இதே புழுதியில்தான் ஓடின. காட்டு ஓரத்தில் முதல் கியரில் நாள் முழுக்க உறுமிக்கொண்டு நின்றவை அவை. ஆனால் வீதியில் நிற்பது மிக அரிது. அவற்றில் பெரும்பாலானவை டர்போவும் கொம்பியூட்டரும் இல்லாத 4.2 லீற்றர் லாண்ட் குரூசர் என்பது பாதிக் காரணம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது என்பது மற்றப் பாதி. எந்தத் திகதியில், எத்தனையாவது கிலோமீற்றரில், என்ன அளவு வந்தது, என்ன மாற்றினோம் என்று எழுதாமல் வாகனம் வெளியே போகாது.

நம்மவர்களின் கைத்திறமையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டிய தலைமுறை இது. பற்றரி இல்லாமலே வாகனம் ஓட வைத்தவர்கள். காதால் கேட்டே வால்வு இடைவெளி பிழை என்று சொல்லும் ஆட்கள் இன்றும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஜீப்பில் இருப்பது கொமன் ரெயில் எஞ்சின், அதாவது ரெயில் என்ற ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் வகை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் உள் இடைவெளி மைக்ரோன் கணக்கு. அதைக் காதால் பிடிக்க முடியாது. ஸ்கானர் வேண்டும், அளவி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை வேண்டும்.

சரி, சூட்டிலிருந்து தொடங்குவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும், சூடு காத்திருக்காது. இந்த எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. பல தடவை கொதிக்க விட்டால் ஹெட் வளையும், அல்லது வெடிக்கும். ஆகவே காரணம் தெரியும்வரை இந்த வாகனத்தில் தூரப் பயணம் போக வேண்டாம்.

எப்போது சூடேறுகிறது என்பது முதல் கேள்வி. சந்தியில் நிற்கும்போது, வயல் வரம்பில் மெதுவாக ஊரும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். விசிறியின் நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கைப் பாருங்கள். நன்றாகச் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். தடை இல்லாமல் தாராளமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. உங்களுக்கோ ஏ9 இல் வேகமாக ஓடும்போதுதான் ஏறுகிறது. அப்படியானால் சந்தேகம் ரேடியேற்றரின் உட்புறத்திலும், தண்ணீர்ப் பம்பிலும், ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கஸ்கட்டிலும் விழுகிறது.

ரேடியேற்றர் கழுவியாயிற்று என்கிறீர்கள். எதைக் கழுவினார்கள்? அழுத்தத் தண்ணீரை முன்னால் அடித்திருந்தால் ஏசிக் கொண்டென்சரைத்தான் கழுவியிருப்பார்கள். அதற்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்த கையோடு வயல் பக்கம் ஓடும் வாகனங்களில் அந்த இடைவெளியைத் திறந்து பார்த்திருக்கிறேன். சூடடித்த தூசி, பதர், செத்த தும்பி, அதன்மேல் செம்மண் என்று கம்பளிபோலப் படிந்திருக்கும். விரலால் உரித்தால் தகடாகக் கழன்று வரும். முன்னால் இருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் இறுகும். ரேடியேற்றரை வெளியே எடுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவான அழுத்தத்தில் கழுவ வேண்டும். அரை நாள் வேலை, சாமான் செலவு கிட்டத்தட்ட இல்லை.

உட்புறம் வேறு கதை. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கடினமான தண்ணீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குறைந்த தண்ணீரை வீட்டுக் கிணற்றால் நிரப்பி நிரப்பி ஓட்டினால் அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் ஹெட்டின் உள்வழிகளிலும் படிகிறது. பல கை மாறிய உங்கள் வாகனத்தில் எத்தனை கிணற்றுத் தண்ணீர் ஊறியிருக்கிறதோ! உட்புறம் அடைத்த ரேடியேற்றரை இரசாயனம் ஊற்றிக் கழுவுவதைவிட, கோர் மாற்றுவதோ புதிதாகப் போடுவதோ நல்லது. அதன் பிறகு கூலண்ட் மட்டும்தான். கலந்தே வரும் கூலண்ட் விலை என்று தோன்றினால் செறிவான கூலண்டும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரும் வாங்கிக் கலந்து கொள்ளுங்கள்.

இன்னொன்று. தேர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிவது நம் கராச்சுகளின் பழைய பழக்கம். அது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை உள்ளேயே சுற்ற விட்டு, சூடானதும் ரேடியேற்றர் வழியைத் திறக்கும் சாமான். பல எஞ்சின்களில் அது திறக்கும் அதே நேரம் குறுக்கு வழியை மூடவும் செய்யும். கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைக் காணாமலே திரும்பி எஞ்சினுக்குள் போகும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டும்.

தண்ணீர் குறைகிறது, ஆனால் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால் வாகனத்தின் அடியில் படுத்துப் பாருங்கள். பின் இருக்கைக்குத் தனி ஹீற்றர் உள்ள ஜப்பான் ஜீப்புகளில், அதற்குத் தண்ணீர் கொண்டு போகும் இரும்புக் குழாய் அடித்தளத்தின் கீழால் ஓடுகிறது. அது துருப்பிடித்து ஒழுகுவது வழமை. கிளிநொச்சியில் ஹீற்றர் போட்டுக்கொண்டு போகிறவர் எவரும் இல்லை என்பதால், முன்னாலேயே அந்தக் குழாயைச் சுருக்கி மூடிவிடலாம்.

ஹெட் கஸ்கட் சந்தேகத்துக்கு ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு சிறிய கருவி இருக்கிறது, உள்ளே நீல நிறத் திரவம். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்தால் நீலம் பச்சை மஞ்சளாக மாறும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பெரிய கராச்சில் கேட்டால் செய்து தருவார்கள். வீட்டிலேயே ஒரு அடையாளம் பார்க்கலாம். இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் ரேடியேற்றரின் மேல் ஹோசைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் குளிராக இருக்க, ஹோஸ் கல்லுப்போல இறுகியிருந்தால் வாயு கசிகிறது. சூடான மூடியைத் திறக்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம்.

டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள்ளை நம்பவும் வேண்டாம். இந்தக் காலத்து வாகனங்களில் அந்த முள் பெரிய எல்லைக்குள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அது எழும்பும்போது விடயம் முற்றிவிடும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சரைச் சுற்றி ஆவிதான் இருக்கும், முள் எழும்பாமலே எஞ்சின் இறுகிப் பிடித்தும் விடலாம். எஞ்சின் கொம்பியூட்டரில் உள்ள அளவுகளை வாசிக்கும் ஓபிடி ஸ்கானர் ஒன்று வாங்கி கைபேசியில் உண்மையான பாகையைப் பார்த்து ஓட்டுங்கள். நீங்கள் இதுவரை வாங்கிய சாமான்களில் எல்லாம் மலிவானது அதுவாகத்தான் இருக்கும்.

இனி இழுவையும், ஓமந்தையில் நின்றதும். இது சூட்டோடு சேர்ந்த வருத்தம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் வெவ்வேறாகத் தெரிகிறது. சூட்டில் பிடித்த எஞ்சின் அரை மணித்தியாலத்தில் நல்ல பிள்ளையாகத் திரும்ப ஓடாது. திடீரென்று நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் எரிபொருள் பக்கத்து வேலை. இந்த எஞ்சினின் டீசல் பம்பில், பம்புக்குள் எவ்வளவு டீசல் எடுப்பது என்று தீர்மானிக்கும் ஒரு மின்வால்வு இருக்கிறது. சக்ஷன் கொன்ட்ரோல் வால்வு, கடையில் எஸ்.சி.வி என்று கேட்டால் தெரியும். அழுக்கு டீசலில் அது ஒட்டிப் பிடிக்கும். ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கும், மிதிக்கும்போது இழுவை விழும், சில நேரம் அப்படியே அணைந்துவிடும். பம்பை மாற்றாமல் வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. ஆனால் இதையும் ஊகத்தில் மாற்ற வேண்டாம். ஸ்கானரில் கொம்பியூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டும் பிரிந்து போகும் இடத்தில் விடை இருக்கிறது.

அதற்கும் முன்னால் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறதா? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கான்களிலும் பீப்பாய்களிலும் டீசல் சேர்த்து வைத்துப் பாவித்த வாகனங்களின் டாங்கிகளில் இன்னும் துருவும் தண்ணீரும் கிடக்கின்றன. மண்ணெண்ணெய் கலந்த டீசலும் ஓடியிருக்கும். கொமன் ரெயில் பம்பை வழுக்க வைப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது. ஃபில்டரில் அழுக்கு கண்டால் டாங்கியை இறக்கிக் கழுவாமல் மேலே என்ன மாற்றினாலும் வீண்.

இன்ஜெக்டர்கள் மாற்றியதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. புது இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் அதற்கென்று ஒரு திருத்தக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதை ஸ்கானரால் கொம்பியூட்டருக்குள் பதிய வேண்டும். உங்களுக்குப் பூட்டியவர் பதிந்தாரா? அல்லது குறியீடே தேய்ந்துபோன பழைய இன்ஜெக்டர்களை ரீகண்டிஷன் என்று பூட்டினாரா? பதியாவிட்டால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு அளவு டீசல் போகும். தட்டலும் புகையும் இழுவைக் குறைவும் அதனாலேயே வரலாம். நான்கும் நல்லவையா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் பாவிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலை மெல்லிய குழாய் பூட்டி நான்கு போத்தலில் பிடிக்க வேண்டும். நாங்கள் மருந்துக்கடை சேலைன் போத்தலைத்தான் பாவிப்போம், அளவுக்கோடு அதிலேயே இருக்கிறது. இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் மூன்று போத்தலில் ஒரே மட்டமும், ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கும் நிற்கும். குற்றவாளி அந்த ஒன்று. நான்குக்கும் காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

காற்றுப் பக்கத்தையும் விட முடியாது, ஆனால் அது சுருக்கமான விடயம். புகைபோக்கியிலிருந்து ஒரு பங்கு புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர் வழியும், எஞ்சினின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து உள்ளிழுக்கும் குழாயில் தார்போலக் கரியைப் படிய வைக்கும். வாயின் அகலம் பாதியாகக் குறைந்த மனிஃபோல்ட்டை இந்த எஞ்சின்களில் காண்பது சாதாரணம். கழற்றிச் சுரண்டிக் கழுவினால் டர்போ மாற்றியதைவிடக் கூடுதலாக இழுவை திரும்பலாம். இன்டர்கூலர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு டர்போ கெட்டிருந்தது என்று தெரிய வந்தால், அதைக் கெடுத்தது எது என்றும் கேளுங்கள். புழுதியில் ஏர் ஃபில்டர் சரியாக மூடாமல் ஓடிய டர்போ தன்பாட்டில் தேயும். புது டர்போவும் அதே வழியில்தான் போகும்.

இனி எஞ்சின் மாற்றும் யோசனை. நான்கு சிலிண்டரிலும் கொம்பிரெஷன், அதாவது உள்ளே காற்று இறுகும் அழுத்தம், பார்க்காமல் ஒருவர் எஞ்சினை மாற்றச் சொன்னால் அவரிடம் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வாகனத்தை எடுத்து வாருங்கள். கொம்பிரெஷன் நன்றாக இருந்து, ஹெட் மட்டும் பிரச்சினை என்றால் ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து, அழுத்தப் பரிசோதனை செய்து, மட்டம் பார்த்துப் பூட்டலாம். ஹெட்டைத் திறக்கும்போது டைமிங் செயினையும் இழுப்பானையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் செயின் நீள்வது தெரிந்த குறை. காலையில் முன்பக்கம் கலகலவென்று சத்தம் கேட்டால் அதுதான். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் என்று கடையில் நிற்பதன் பழைய கதை உங்களுக்குத் தெரியாது. ஒரே பெயரிலேயே பழைய ரோட்டரிப் பம்பு வகையும் கொமன் ரெயில் வகையும் வந்திருக்கின்றன. மாறி வாங்கினால் வயரிங்கும் கொம்பியூட்டரும் பொருந்தாமல் கராச்சில் மாதக்கணக்கில் கிடக்கும். அதோடு எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால், விற்கப் போகும்போது வாங்க வந்தவர் இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

செலவு செய்யும் முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: வாகனத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். இந்த மொடலுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலோடு ஒன்றாகச் சேர்ந்தது. வட்டுவாகல் பாலத்தில் உப்புத்தண்ணீர் மேவும்போது கடந்து திரிந்ததோ, பூநகரி, மன்னார்க் கரைப் பக்கம் ஓடியதோ என்றால் அடித் தளத்தின் நீளச் சட்டங்களில் துரு இருக்கும். ஸ்க்ரூ ட்ரைவரால் குத்தும்போது உள்ளே போனால் எஞ்சினுக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். எஞ்சினைத் திருத்தலாம், உக்கிய அடியைத் திருத்திய வாகனத்தில் பிள்ளைகளை ஏற்ற எனக்கு மனம் வராது.

அடி நன்றாக இருந்து, கொம்பிரெஷனும் நன்றாக இருந்தால் வைத்திருங்கள் என்பதுதான் என் கருத்து. காரணம் சந்தை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கும் வரியோடு. 3.2 லீற்றர் டீசலைப் புதிதாக இறக்கும் எண்ணம் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆகவே நீங்கள் விற்றால் வாங்கப் போவதும் இன்னொருவரின் பழைய வருத்தத்தைத்தான். உங்கள் வருத்தமாவது உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும் என்பதை மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வேறு ஜீப்புக்கு மாறுவோம் என்றால் அங்கும் இதே கதைதான். பிராடோவின் 3 லீற்றர் டி4டி எஞ்சினில் இன்ஜெக்டர் அடி வாஷர் கசிந்தால் கரி எண்ணெயில் கலந்து உறிஞ்சும் வலையை அடைக்கும், கவனிக்காவிட்டால் எஞ்சினே போகும். எக்ஸ் ட்ரெயிலின் சிவிடி கியர்பொக்ஸ் சூட்டையும் பழைய எண்ணெயையும் தாங்காது. முதல் வந்த வெசெல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளட்ச்சுக்குக் குழி விழுந்த வீதியில் நின்று நின்று ஊர்வது பிடிக்காது. மொடலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழையதாக வாங்கும்போது எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் தம்பி, உங்களுக்கு ஜீப் தேவைதானா என்றும் ஒருதரம் யோசியுங்கள். ஏ9, ஏ35 என்ற பரந்தன் வீதி, மாங்குளம் முல்லைத்தீவு வீதி எல்லாம் இப்போது காப்பெற். பரந்தன் வீதியிலிருந்து உங்கள் வயலுக்கு இறங்கும் கடைசித் துண்டுதான் கிரவல். நெல் மூட்டையும் உரமும் ஏற்ற பட்டா என்ற சின்ன லொறி ஒன்று, வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள் என்று வைத்தால் ஜீப்புக்குப் போகும் செலவில் பாதிகூட வராது. ஜீப் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். அந்த மரியாதையோடு கலியாண வீடு, சாமத்திய வீடு, கனடாவிலிருந்து வரும் சொந்தங்களைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றுவது எல்லாம் சேர்ந்து வரும். டீசல் அவர்கள் அடிக்க மாட்டார்கள்.

வைத்திருப்பதாக முடிவெடுத்தால் மாரியில் கவனிக்க வேண்டியது ஒன்று. குளங்கள் வான் பாயும் காலத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகவும் மூச்சுக் குழாய் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். கடந்த மறுநாள் வடிகட்டும் நட்டை இளக்கிப் பாருங்கள். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் மாற்றியே ஆக வேண்டும். தண்ணீர் பொனற் மட்டத்துக்கு வந்தால் போகவே வேண்டாம். டீசல் எஞ்சின் ஒரு மிடறு தண்ணீரை உள்ளே இழுத்தாலும் பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் வளையும், அதற்குப் பிறகு எஞ்சின் மாற்றச் சொன்ன கராச்காரர் சொன்னது சரியாகிவிடும். நடுவழியில் நின்றால் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டித் தூர இடத்துக்கு இழுக்க விடாதீர்கள். ஓட்டோ கியருக்கு எண்ணெய் கொடுக்கும் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நிற்க, சக்கரம் சுற்றினால் கியர்பொக்ஸ் எண்ணெய் இல்லாமல் எரியும். லொறியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

விற்பதாக முடிவெடுத்தால் குறையை மறைக்காமல் சொல்லி, பரிசோதனை முடிவுகளைக் கையில் கொடுத்து விற்கலாம். விலை கொஞ்சம் குறையும், ஆனால் பிறகு வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். வாங்குபவர் பெயர் எழுதாத ஓபின் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டாம். பெயர் மாறும்வரை அந்த வாகனம் எங்கே யாரை இடித்தாலும் பொலிஸ் முதலில் தேடுவது உங்களைத்தான். லீசிங் பாக்கி இருந்தால் அதைக் கட்டி முடித்து, கம்பனியின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்த பிறகு விலை பேசுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது ஃபில்டர் டீசலைப் போத்தலில் பிடிப்பதும், காலை ஹோஸ் பார்ப்பதும், அடியில் ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்ப்பதும். மூன்றுக்கும் காசு தேவையில்லை. என்ன வந்தது என்று எழுதுங்கள், ரெயில் அழுத்த அளவுகளையும் சேர்த்து அனுப்பினால் எஸ்.சி.வி வாங்குவதா இல்லையா என்று சொல்லலாம்.